தோட்டமும் விசுவாசமும்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

படிப்பித்தலில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு யாழ்ப்பாணத்தில் எங்கள் ஆலயத்தின் பின்வளவில் சின்னதாக ஒரு தோட்டம் தொடங்கினேன். புதன்கிழமை பின்னேரம் ஏழெட்டுப் பெண்கள் வருவார்கள். கொஞ்சம் கொத்துவோம், கொஞ்சம் ஜெபிப்போம், நிறையக் கதைப்போம். நாங்கள் தென்னிந்திய திருச்சபை. ஆனால் வருகிறவர்களில் கத்தோலிக்கரும் உண்டு, நாற்று வாங்க வந்து அப்படியே நின்றுவிட்ட இரண்டு சைவப் பெண்களும் உண்டு. ஒரே கேள்வி வேறு வேறு வாயில் இருந்து வரத் தொடங்கியதும் ஒரு சீ.ஆர். கொப்பியில் குறித்து வைத்தேன். கேட்டவர் கேட்டபடியே கீழே தருகிறேன். நான் போதகரும் இல்லை, விவசாய உத்தியோகத்தரும் இல்லை. விஞ்ஞானம் படிப்பித்த ரீச்சர். அந்த அளவில் வாசியுங்கள்.

"ரீச்சர், கத்தரிக்குத் தண்ணி விடுறதுக்கும் விசுவாசத்துக்கும் என்ன சம்பந்தம்? வேதத்தில அப்பிடி ஏதும் இருக்கோ?"

இருக்கிறது. மனிதனுக்குக் கொடுத்த முதல் வேலையே தோட்ட வேலைதான். ஆதியாகமம் 2:15இல், பாவம் வருவதற்கு முன்பே, தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் ஆதாமை வைக்கிறார். ஆகவே மண் வெட்டுவது தண்டனை என்று யாரும் சொன்னால் நம்பவேண்டாம். முள்ளும் வேர்வையும்தான் பிறகு வந்தவை. இயேசு பிடிபட்டதும் ஒரு தோட்டத்தில், அவரை அடக்கம் பண்ணியதும் ஒரு தோட்டத்தில்.

ஆனால் இதெல்லாம் ஒரு பிரசங்கத்துக்குப் போதும், கத்தரிக்குப் போதாது. எனக்குப் பிடிபட்ட சம்பந்தம் வேறு. தோட்டம் செய்தால் மனம் அமைதியாகும் என்பார்கள். முதல் வருடம் எனக்கு நாரிப்பிடிப்புத்தான் வந்தது. இரண்டாம் வருடம்தான் ஒன்று விளங்கியது: என் வேலை எங்கே முடிகிறது என்பது. நான் விதை போடலாம், தண்ணீர் விடலாம், வேலி கட்டலாம். முளைக்க வைக்க என்னால் முடியாது. பவுல் கொரிந்தியருக்கு எழுதினாரே, நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார் என்று. அதை முப்பது வருடம் கேட்டிருக்கிறேன். மண்வெட்டி பிடித்த பிறகுதான் அதில் என் பங்கு எவ்வளவு சின்னது, அந்தச் சின்னதையும் நாள் தவறாமல் செய்யவேண்டும் என்று உறைத்தது. ஆவிக்குரிய பெலன் என்று நான் சொல்வது இந்த இரண்டையும்தான். கீழே வருகிற பதில்களில் பாதி இதற்குள்ளேயே சுற்றும்.

"எங்களிட்ட வளவு இல்லை. வாடகை வீடு, முத்தம் முழுக்கச் சீமெந்து. அப்ப எங்களுக்கு உந்த ஆசீர்வாதம் இல்லையோ?"

ஆசீர்வாதம் பரப்புக் கணக்கில் வருவதில்லை. ஒரு உரப்பையைப் பாதிக்கு மடித்து, அடியில் நாலைந்து ஓட்டை போட்டு, செம்மண்ணும் நன்றாக மக்கிய மாட்டெருவும் கலந்து நிரப்புங்கள். ஒரு பையில் ஒரு கத்தரி, மற்றதில் ஒரு பச்சைமிளகாய். அடியில் இரண்டு செங்கல் வைத்தால் சீமெந்தில் கறை பிடிக்காது. வீட்டுக்காரரிடம் முதலே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். முதல் கத்தரிக்காயை அவருக்கே கொடுத்தால் பிறகு பேச்சு வராது.

"எந்தக் கண்டில துவங்கினால் நல்லம்?"

இரண்டில் தொடங்குங்கள். ஒன்று அவசரக்காரி, மற்றது ஆறுதலாக வருவது. அவசரத்துக்குக் கீரை: விதைத்து நாலு கிழமையில் பிடுங்கலாம். ஆறுதலுக்கு ஒரு தேசி அல்லது மாங்கன்று. கீரை உங்களை இந்த மாதம் தோட்டத்துக்குள் நிற்பாட்டும். மாங்கன்று வரப்போகிற வருடங்களுக்கு நிற்பாட்டும். கீரையோடு மட்டும் நின்றவர்கள் இரண்டு மாதத்தில் அலுத்துப் போனதைப் பார்த்திருக்கிறேன். மாவோடு மட்டும் தொடங்கியவர்கள் கன்றை மறந்தே போனார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் கீரை போடாதீர்கள். அடித்து ஊற்றுகிற மழையில் விதை எல்லாம் வாய்க்காலோடு போய்விடும். மழை ஓய்ந்து தை பிறக்கட்டும். விதையை மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் விழாது. கீரை விதையை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், அதற்குப் பக்கத்தில் கடுகு பெரிய ஆள். ஆண்டவர் யாழ்ப்பாணத்தில் பிறந்திருந்தால் கடுகுவிதை உவமைக்குக் கீரையைத்தான் எடுத்திருப்பார் என்று நான் சொல்ல, எங்கள் போதகர் சிரித்தார், ஆமோதிக்கவில்லை.

"ஜெபிக்க இருந்தால் மனம் ஓடுது. தோட்டத்தில நிண்டால் இன்னும் ஓடுது. என்ன செய்யிறது?"

தண்ணீர் மாறுங்கள். வாளியால் ஊற்றுவதைச் சொல்லவில்லை, பாத்திக்கு வாய்க்காலால் மாறுவது. எங்கள் அப்பா துலாவில் இறைத்த காலத்தில், பாத்தி திருப்புவது என் வேலை. இப்போது மோட்டர் இறைக்கிறது, வேலை மாறவில்லை. வாய்க்காலில் தண்ணீர் வரும். பாத்தியின் வாயை மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டித் திறக்கவேண்டும். தண்ணீர் நுரைத்துக்கொண்டு உள்ளே ஓடி, தூர மூலையில் நிற்கிற கன்றின் அடி நனைகிற வரை பார்த்து நிற்கவேண்டும். பிறகு இரண்டு கொத்து மண் இழுத்து மூடி, அடுத்த பாத்தியைத் திறக்கவேண்டும். முந்தினால் மூலைக் கன்று காயும். பிந்தினால் வரம்பு உடைந்து பாதைக்குத் தண்ணீர் போகும்.

எங்கள் தோட்டத்தில் ஆறு பாத்தி. 23ஆம் சங்கீதத்தில் ஆறு வசனம். பாத்திக்கு ஒரு வசனம் என்று சொல்லிக்கொண்டு நிற்பேன். மனம் ஓடும், மகளின் விசாவுக்கும் கரண்ட் பில்லுக்கும் ஓடும். திடீரென்று காலடியில் ஈரம் படும்; வரம்பு உடைந்திருக்கும். மூடிவிட்டு விட்ட வசனத்தில் இருந்து தொடங்குவேன். ஐந்தாம் வசனம் வெங்காயப் பாத்தி, அங்கேதான் எனக்கு அதிகம் உடைகிறது. சத்துருக்களுக்கு முன்பாகப் பந்தி என்ற இடம், அதனால்தானோ தெரியவில்லை.

தண்ணீரை நான் உண்டாக்கவில்லை, வாயைத் திறந்து மூடுவது மட்டும் என் வேலை. ஜெபமும் அவ்வளவுதான் என்று நினைக்கத் தொடங்கிய பிறகு, ஓடுகிற மனத்தோடு நான் சண்டை பிடிப்பதில்லை.

"ஒவ்வொரு நாளும் ஜெபிக்கிறன். ஒண்டும் மாறுற மாதிரித் தெரியேல்லை. எவ்வளவு காலத்துக்கு?"

எல்லாரும் கேட்கிற கேள்வி இது. இதற்கு, நிலத்தில் விழுந்து செத்தால் பலன் கொடுக்கும் என்ற கோதுமை மணி உவமையைச் சொன்னால் எடுபடாது. நம்மில் யார் கோதுமை வயலைப் பார்த்தோம்? பனம்பாத்தியைப் பார்த்திருக்கிறோம்.

ஆவணி, புரட்டாதியில் விழுகிற பனம்பழத்தின் விதைகளைப் பொறுக்கி, மண்ணைக் குவித்துப் பாத்தி போட்டு அடுக்கி மூடுவோம். கிழமைக் கணக்கில் மேலே ஒன்றுமே தெரியாது. பாத்திமேல் கோழி கிண்டும், பிள்ளைகள் ஏறி விளையாடும். ஆனால் உள்ளே நடக்கிறது வேறு. மற்ற விதைகள் மேலே எட்டிப் பார்க்க அவசரப்படும்போது, பனை விதை முதலில் கீழே போகிறது. விதையில் இருந்து ஒரு தண்டு மண்ணுக்குள் ஆழமாக இறங்கி, அதன் நுனியில் கிழங்கு பருக்கிறது. இலை வெளியே வருவது அதற்குப் பிறகுதான். மார்கழி, தையில் கிண்டினால் கிழங்கு.

பொறுமை இல்லாமல் இடையில் விதையைக் கிண்டி வெட்டிப் பார்த்தால் பூரான் இருக்கும். வெள்ளையாக, பஞ்சு மாதிரி, இனிப்பாக. சின்ன வயதில் நாங்கள் களவாக வெட்டித் தின்றிருக்கிறோம். தின்ற விதையில் கிழங்கு இல்லை, அம்மம்மாவிடம் அடி மட்டும் உண்டு. ஜெபத்துக்குப் பதில் வருகிறதா என்று கிழமைக்கு ஒருதரம் கிண்டிப் பார்க்கிறவர்களுக்கும் ஏதோ ஒரு இனிப்புக் கிடைக்கத்தான் செய்கிறது. மாற்கு 4இல் விதைத்தவன் இரவில் தூங்கிப் பகலில் எழும்புகிறான், விதை அவனுக்குத் தெரியாமலே முளைக்கிறது. தூங்கினான் என்பதைக் கவனியுங்கள். அவன் கிண்டிப் பார்க்கவில்லை. எவ்வளவு காலம் என்ற கேள்விக்கு என்னிடம் மாதக் கணக்கு இல்லை. பனங்கிழங்குக்கு மட்டும்தான் இருக்கிறது.

"ஜெபிச்சு ஜெபிச்சு நட்டன், எல்லாம் பட்டுப்போச்சுது. என்ர விசுவாசம் காணாதோ?"

என் இரண்டாம் வருட மிளகாய் நாற்பது கன்றும் இலை சுருண்டு குறண்டிப் போனது. பார்க்க வந்த ஒருவர், "இன்னும் கொஞ்சம் விசுவாசத்தோட ஜெபிச்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். மறுநாள் விவசாய உத்தியோகத்தர் தம்பி வந்து, ஒரு தளிரைக் கிள்ளி வெள்ளைத் தாளில் தட்டிக் காட்டினார். புள்ளி புள்ளியாகப் பனிப்பூச்சி ஓடியது. கண் குறையை விசுவாசக் குறை என்று நினைத்து ஒரு இரவு அழுதிருக்கிறேன்.

யோனா புத்தகத்தின் கடைசி அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். ஒரு இரவில் முளைத்து நிழல் தந்த ஆமணக்கை அடுத்த நாள் ஒரு பூச்சி அரித்துவிடுகிறது. யோனா செத்துப்போகலாம் என்கிற அளவுக்குக் கோபப்படுகிறார். கடவுள் அவரை "விசுவாசம் இல்லாதவனே" என்று திட்டவில்லை. நீ எரிச்சலாகிறது நல்லதோ என்று கேட்டு, இருந்து கதைக்கிறார். பட்டுப்போன கன்றுக்காகக் கவலைப்படுங்கள், கோபப்படுங்கள், அவரிடமே சொல்லுங்கள். பிறகு ஒரு இலையைப் பிடுங்கிக்கொண்டு போய் விவசாயக் கந்தோரில் காட்டுங்கள்.

"களையை ஏன் பிடுங்கிறியள்? ரெண்டையும் வளரவிடுங்கோ எண்டுதானே இயேசு சொன்னவர்?"

இதைக் கேட்டவள் வேலைக் கள்ளி, ஆனால் கேள்வி நல்ல கேள்வி. மத்தேயு 13இல் அந்த உவமைக்கு விளக்கமும் அங்கேயே இருக்கிறது: நிலம் உலகம், பயிரும் களையும் மனிதர். அடுத்தவளைக் களை என்று முத்திரை குத்திப் பிடுங்கி எறியாதே என்பது அதன் பொருள். வெங்காயப் பாத்தியில் கோரை நிற்கட்டும் என்பது இல்லை. மண்ணில் பிடுங்குங்கள், மனிதரில் விடுங்கள். நாங்கள் பெரும்பாலும் இதை மாற்றித்தான் செய்கிறோம், புதன்கிழமைக் கதைகளிலும்கூட.

பாத்தீனியம் கண்டால் மட்டும் பொறுக்கவேண்டாம். பூக்க முன்பே, கையுறை போட்டு, வேரோடு. தோலில் பட்டால் கடிக்கும், சிலருக்கு இழுப்பும் வரும்.

"ஞாயிற்றுக்கிழமை தண்ணி விடலாமோ?"

விடலாம். ஓய்வுநாளில் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போய்த் தண்ணீர் காட்டுவதில்லையா என்று லூக்கா 13இல் அவரே கேட்கிறார். பங்குனி வெயிலில் கத்தரியும் மாடு மாதிரித்தான். கொத்துவது, எருப் போடுவது, நடுவது எல்லாம் திங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

"அயலில சைவ ஆக்கள் நாள் பார்த்து நடுகினம். நாங்களும் பார்க்கலாமோ? பொங்கலாமோ?"

நாள் என்பதில் இரண்டு இருக்கிறது. எந்த மாதம் மழை, எப்போது சோளகம் வீசிப் பந்தலைப் பிரிக்கும், எப்போது வாடை தொடங்கும் என்பது இந்த மண்ணில் நூற்றாண்டுகளாக நின்று பார்த்தவர்களின் அறிவு. அதைக் கேட்காமல் நடுவது மடத்தனம். நட்சத்திரத்துக்கு நான் பயப்படுவதில்லை. பயப்படுகிற பக்கத்து வீட்டு அக்காவைப் பார்த்துச் சிரிப்பதும் இல்லை. என் முதல் பயற்றை விதை அவர் தந்தது. தைப்பொங்கலுக்கு எங்கள் ஆலயத்திலும் பொங்குகிறோம். விளைச்சலுக்கு நன்றி சொல்வதற்கு ஆதாரம் கேட்டால் சங்கீதப் புத்தகம் முழுவதும் இருக்கிறது.

"கொடியை வெட்டிச் சுத்தம் பண்ணுவார் எண்டு இருக்கு. அப்ப எனக்கு வந்த கஷ்டமெல்லாம் கடவுள் வெட்டினதோ?"

இதை மெதுவாகச் சொல்லவேண்டும். யோவான் 15இல் கனி கொடாத கொடியை "அறுத்துப்போடுகிறார்", கனி கொடுக்கிற கொடியைச் "சுத்தம்பண்ணுகிறார்" என்று இருக்கிறது. கிரேக்கத்தில் இவை அய்ரெய், கத்தாய்ரெய் என்று ஒலியில் ஒட்டிய சொற்கள். இரண்டாவது சொல்லுக்குக் கழுவித் துப்புரவாக்குவது என்ற பொருளும் உண்டு. அடுத்த வசனத்திலேயே, நான் சொன்ன உபதேசத்தினால் நீங்கள் ஏற்கெனவே சுத்தமாயிருக்கிறீர்கள் என்கிறார். அவர் கையில் இருக்கிற கத்தி அவருடைய வார்த்தை. புற்றுநோயோ, ஷெல்லோ, ஓடிப்போன புருஷனோ அந்தக் கத்தி என்று அந்த வசனம் சொல்லவில்லை. அப்படிச் சொல்லித் துக்க வீட்டில் ஆறுதல் கொடுப்பவர்களை நான் வாசலோடு அனுப்பிவிடுவேன்.

முந்திரிகைக் கொடியை, அதுதான் திராட்சைக் கொடியை, வெட்டுவதை ஒருதரம் பக்கத்தில் நின்று பாருங்கள். எங்களுக்குத் தோலகட்டி என்றால் நெல்லிரசமும் முந்திரிகையும்தான் ஞாபகம் வரும். தோமஸ் அடிகளார் 1928இல் அங்கே தொடங்கிய செபமாலைத் தாசர் சபையின் துறவிகள், மௌனத்தில் ஜெபித்து, கையால் தோட்டம் செய்து வாழ்ந்தவர்கள். 1990இல் யுத்தத்தால் அந்தப் பக்கமே இடம்பெயர்ந்தது. நான் கொடி வெட்டப் பழகியது வேறு ஒரு தோட்டக்காரரிடம். வெட்டுகிற அன்று பந்தலில் இலையே இராது. பார்க்கிறவனுக்கு வயிறு எரியும். ஆனால் அவர் ஒவ்வொரு கொடியையும் கையில் எடுத்து, விரலால் கணுக்களை எண்ணி, மொட்டு இருக்கிற இடத்துக்கு மேலே வைத்துத்தான் வெட்டினார். ஒரு கொடியைக்கூடப் பார்க்காமல் வெட்டவில்லை. புதுத் தளிரில்தான் குலை வரும். மூன்று நாலு மாதத்தில் பழம்.

அந்த நாள் எனக்குத் தந்தது ஒரு கேள்வி: என் நாளில் இலையாக மட்டும் இருப்பது எது? பின்னேர நாடகம் இரண்டும், எல்லார் வீட்டுக் கலியாணத்திலும் முன்வரிசையில் நிற்கவேண்டும் என்ற எண்ணமும். அவற்றை வெட்ட ஆண்டவர் கேட்டார் என்று சொல்வேன். அம்மாவின் சாவை அவர் வெட்டினார் என்று சொல்லமாட்டேன்.

"ஆலய வேலை, பாடகர் குழு, மாமியைப் பார்க்கிறது, பிள்ளையளின்ர படிப்பு. ஒண்டும் மிஞ்சேல்லை அக்கா. ஜெபிக்கவும் சத்தில்லை."

கிணற்றைப் பற்றிச் சொல்கிறேன். எங்களுக்கு வற்றாத ஆறு இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கிற மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கிற கடல் உவருக்கு மேல், பாரம் குறைந்த தண்ணீராக மிதந்து நிற்கிறது. குடிப்பதும் இறைப்பதும் அதைத்தான். துலாவால் இறைத்த காலத்தில் கை களைக்கும்போது கிணற்றுக்கும் ஓய்வு கிடைத்தது. மோட்டருக்குக் களைப்பு இல்லை. ஊற்று வருகிற வேகத்தை விடக் கூட இழுத்தால், கிணறு வற்றுவதற்கு முன்னமே கீழே இருக்கிற உவர் மேலே ஏறிவிடும். தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் கன்று கருகும்.

உங்களுக்கு வந்திருப்பது அந்த உவர். நீங்கள் நிற்பாட்டவில்லை, இன்னும் எல்லாம் செய்கிறீர்கள். ஆனால் பிள்ளைகள் மேல் விழுகிற சொல் உப்பாக இருக்கிறது என்று நீங்களே சொன்னீர்கள். சீடர்கள் சாப்பிடவும் நேரமில்லாமல் இருந்தபோது, தனியே வந்து சற்று இளைப்பாறுங்கள் என்றுதான் ஆண்டவர் சொன்னார். இன்னும் கூட்டமாக ஜெபியுங்கள் என்று சொல்லவில்லை. பாடகர் குழுவை ஆறு மாதம் விடுங்கள். மாமியைப் பார்க்க மைத்துனர்மாரையும் கூப்பிடுங்கள். தோட்டத்துக்கும் வரவேண்டாம். ஊற்று ஊறட்டும்.

"இருபது வரியத்துக்குப் பிறகு காணி விட்டிருக்கிறாங்கள். போய்ப் பார்த்தால் காடு. எங்க துவங்கிறது?"

1990 ஆனியில் யுத்தத்தால் விட்டுப்போய், காணி இராணுவத்தின் கையில் இருந்த வலிகாமம் வடக்குக்காரர் கேட்பது இது. முதல் பதிலில் விசுவாசம் இல்லை: கண்ணிவெடி அகற்றி உறுதி செய்த இடத்துக்குள் மட்டும் கால் வையுங்கள். துருப்பிடித்த எதையும் தொடாதீர்கள், அறிவியுங்கள்.

எங்கள் அம்மாவின் வளவுக்கு நாங்கள் போனபோது வீட்டைக் காணவில்லை. இப்பிலிப்பிலும் நாயுண்ணியும் ஆளுயரத்துக்கு நின்றன. அண்ணா கத்தியால் வெட்டிக்கொண்டு போக, கிணற்றுக்கட்டு தட்டுப்பட்டது. அந்தக் கட்டிலே கயிறு தேய்த்த பள்ளம் அப்படியே இருந்தது. அதில் நின்றுதான் "அப்ப குசினி இந்தப் பக்கம்" என்று கை காட்டினோம். ஆகவே கிணற்றில் தொடங்குங்கள். இறைத்து, கலக்கி, தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள். பிறகு ஒரு மூலையை மட்டும் வேலி அடையுங்கள். முழு வளவையும் ஒரே மாதத்தில் துப்புரவாக்கப் போனவர்கள் கடனோடும் நாரிப்பிடிப்போடும் நின்றார்கள்.

எரேமியா 29 ஒரு கடிதம். பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போனவர்களுக்கு எழுதியது: வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள். அது ஊர் திரும்பியவர்களுக்கு எழுதியது இல்லை, அந்நிய ஊரில் இருந்தவர்களுக்கு எழுதியது என்பதை நான் கவனித்தது மல்லாகம் பக்கத்து முகாம் ஒன்றில். தகரக் கொட்டில் வாசலில் முருங்கை நின்றது. "எப்ப போவமோ தெரியாது, கறிக்கு வேணுமே" என்றார் அந்த ஆச்சி. அவர் எரேமியாவை வாசித்தவர் இல்லை.

"மகன் காணாமல் போய்க் கனகாலம். அவன்ர பேரில ஒரு மரம் வையுங்கோ எண்டு சொல்லுகினம். வைச்சால் அவன் இல்லை எண்டு ஒத்துக்கொண்ட மாதிரி ஆகாதோ?"

இதற்கு நான் பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது என்றேன். யாரும் அவளுக்குச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை அது. நான் அவளோடு நாற்றுமேடைக்குப் போனேன், அவ்வளவுதான்.

ஒரு மாதம் யோசித்துவிட்டு, ஒட்டுக் கறுத்தக்கொழும்பான் ஒன்று எடுத்தாள். நினைவு மரம் என்று யாரும் சொல்லக்கூடாது என்றாள். அவனுக்குப் பிடித்த மாம்பழம், வரும்போது காய்த்திருக்கவேண்டும், அதுதான். இப்போது இரண்டு முறை காய்த்துவிட்டது. முதல் பழத்தை யாருக்கும் கொடுக்காமல் அரிசிப் பானைக்குள் வைக்கிறாள்.

"மருந்து எடுக்காமல் தோட்டமும் ஜெபமும் செய்தால் மனச்சோர்வு மாறுமோ?"

மருந்தை நிற்பாட்டாதீர்கள். நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துப்போகலாம் போல இருக்கிறது என்றால் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போங்கள். துணைக்கு ஆள் இல்லை என்றால் நான் வருகிறேன். இந்த மண்ணில் மிஷன்காரர் ஆலயத்தோடு வைத்தியமும் கொண்டுவந்தார்கள். மானிப்பாயில் அமெரிக்க மிஷன் டொக்டர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மேலைத்தேய வைத்தியம் படிப்பித்தார். ஜெபமும் மருந்தும் ஒரே வளவில் நின்ற ஊர் இது.

"தோட்டத்திலயே ஆண்டவரைக் காணுறன். பிறகேன் ஆலயத்துக்கு வரோணும்?"

ஏனென்றால் கத்தரிக்காய் உங்களோடு வாதாடாது. தோட்டத்தில் எல்லாம் நீங்கள் வைத்த இடத்தில் நிற்கும். ஆலயத்தில் பக்கத்து வாங்கில் இருப்பவரை நீங்கள் நட்டதில்லை, பிடுங்கவும் முடியாது. களைக் கேள்விக்குச் சொன்னதை இங்கே சேர்த்து வாசியுங்கள்.

இன்னொன்று, அறுவடை விழாவுக்கு வாருங்கள். முதல் வாழைக்குலையையும் பூசணியையும் பீடத்தின் முன் வைத்துவிட்டு, ஆராதனை முடிந்ததும் வெளியே ஏலம் போடுவோம். போன முறை என் ஒரு புடலங்காயை மூன்று பேர் போட்டிபோட்டு ஏற்றி, சந்தை விலையின் பல மடங்குக்கு எடுத்தார்கள். எடுத்தவர் அதைப் பாதியாக வெட்டி, தோற்றவருக்கு ஒரு பாதி கொடுத்தார். இது தனியே நிற்கிற தோட்டத்தில் நடக்காது.

"கனடாவில இருக்கிறம், அரைவாசி வருசம் பனி. நாங்கள் என்ன செய்யிறது?"

யன்னலோரம் ஒரு கறிவேப்பிலைச் சாடி. குளிருக்கு இலை கொட்டினால் எறியாதீர்கள். தடியை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சை என்றால் உயிர் இருக்கிறது. தண்ணீரைக் குறைத்து வைத்திருங்கள். பனம்பாத்திக் கேள்வியையும் வாசியுங்கள்.

"ரீச்சர், உங்கட முருங்கையில ஒரு தடி தருவியளோ?"

எல்லாக் கேள்வியையும் விட அதிகம் வருவது இதுதான். தருவேன். மணிக்கட்டு மொத்தம், மூன்று நாலு அடி நீளம். ஒரு அடி ஆழத்தில் நடுங்கள், மேல் வெட்டில் சாணம் அப்புங்கள், தண்ணீர் தேங்குகிற இடம் வேண்டாம். சோளகக் காற்றுக்கு ஒரு முண்டு கொடுங்கள். வெட்டி வைத்திருப்பது புதன்கிழமைகளில் மட்டும். நாலு மணிக்கு முன் வந்தால் நான் நித்திரை, பின்கேற்றால் வாருங்கள், முன்பக்கம் நாய் கட்டியிருக்காது.